மாமாக்கள் மடியில் தொடங்கிய வாசிப்பு

காது குத்தும் நாளில் குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைப்பார்கள். வலிக்கிற காரியத்துக்கு அந்த மடியின் தைரியம் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பதும் பிள்ளைகளுக்கு வலிக்கிற காரியம்தான். சென்ற நூற்றாண்டின் நடுவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதற்கும் மாமாக்கள் வாய்த்தார்கள். அம்புலிமாமா என்றொரு மாத இதழ். வாண்டுமாமா என்றோர் எழுத்தாளர்.

எழுபது வயதைத் தொட்ட வாசகர் ஒருவரிடம் முதன்முதலில் யாரை விரும்பிப் படித்தீர்கள் என்று கேட்டால், புதுமைப்பித்தன் என்றோ மௌனி என்றோ பதில் வருவது அபூர்வம். அவர்களைத் தேடிப் போகும் கால்களை வளர்த்துவிட்டவர்கள் வேறு சிலர். இலக்கிய வரலாற்று நூல்களில் அந்தச் சிலருக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் ஒரு பத்தி, அல்லது கடைசி அத்தியாயத்தில் ஒரு பெயர்ப்பட்டியல். இது சரியல்ல. நாவலையும் சிறுகதையையும் ஆராய்வது போலவே, வாசகன் உருவான விதத்தையும் ஆராய வேண்டும். அந்தப் பணியைச் செய்தவர்களின் எழுத்தில் இருந்த தொழில்நுட்பம் எளிதானதன்று.

முதலில் ஊர்களைப் பார்க்கலாம். அழ. வள்ளியப்பா 1922இல் இராயவரத்தில் பிறந்தார். வாண்டுமாமா 1925இல் அரிமளத்தில். தமிழ்வாணன் 1926இல் தேவகோட்டையில். புதுக்கோட்டையையும் செட்டிநாட்டையும் சேர்த்த ஒரே வட்டாரம், நாலே ஆண்டு இடைவெளி. சக்தி இதழை நடத்தி, மலிவு விலையில் நல்ல நூல்களைக் கொண்டுவந்த வை. கோவிந்தனும் இராயவரத்துக்காரர். இளைஞர் வள்ளியப்பா வேலைக்குச் சேர்ந்த முதல் இடங்களில் ஒன்று அந்தச் சக்தி அலுவலகம். ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊர்க்காரருக்கு இடம் கொடுத்த சின்னச் செய்திதான். ஆனால் குழந்தைக் கவிஞர் என்று பின்னாளில் தமிழுலகம் அழைத்த மனிதர், எழுத்து மணக்கும் இடத்தில் முதலில் நின்றது அங்கேதான்.

வள்ளியப்பாவின் வாழ்க்கை பெரும்பாலும் இந்தியன் வங்கிக் கணக்குப் பேரேடுகளோடு கழிந்தது. பாட்டெழுத வங்கி வேலைக்கு வெளியே கிடைத்த பொழுதுதான். 1944இல் வந்த 'மலரும் உள்ளம்' தொகுப்பில் 23 பாடல்கள். பின்வந்த பதிப்புகளில் தொகுப்பு பெருத்துக்கொண்டே போயிற்று. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தபோது அதைத் தோளில் சுமந்தவரும் அவரே. குழந்தைக்காக எழுதுவது பெரிய எழுத்தாளருக்குக் கிடைக்கும் ஓய்வுநேர வேலையன்று, தனித்துறை என்று அந்தச் சங்கத்தின் வழியாக அவர் நிலைநாட்டினார்.

அவருடைய பாடலைக் குழந்தை முதலில் காதால் கற்றுக்கொள்கிறது. வகுப்பில் டீச்சர் ராகம் போட்டுச் சொல்லித்தர, எல்லாருமாகக் கத்திப் பாடி மனப்பாடம் ஆகிவிடுகிறது. அதன் பிறகு புத்தகத்தைத் திறக்கும்போது, அடுத்த சொல் என்னவென்று நாக்குக்கு முன்பே தெரியும். கண் அதை அச்சில் அடையாளம் கண்டுகொண்டால் போதும். ஓசை முன்னே நடக்கிறது, எழுத்து அதன் விரலைப் பிடித்துக்கொண்டு பின்னே வருகிறது. எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை, தான் வாசித்துவிட்டதை உணரும் கணம் அது. ஒற்றெழுத்துகள் இடறாத சொற்களாகத் தேடி, சிறிய அடிகளாக அமைத்து, பொருளும் கெடாமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு செவி நுட்பம் வேண்டும் என்பது, அதே போல் எழுத முயன்று தோற்றவர்களுக்கே தெரியும்.

பாட்டைத் தாண்டிய பிள்ளைக்குக் கதை வேண்டும். வி. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞருக்கு வாண்டுமாமா என்று பெயர் சூட்டியவர் ஆனந்த விகடனின் புகழ்பெற்ற ஓவியர் மாலி. பெரியவர்களுக்காகக் கௌசிகன் என்ற பெயரில் 'பாமினிப் பாவை' போன்ற வரலாற்று நாவல்களை எழுதிய கைதான் சிறுவர்களுக்காகப் பலே பாலுவையும் படைத்தது. 1972இல் கல்கி நிறுவனம் தொடங்கிய கோகுலம் இதழில் வள்ளியப்பா, வாண்டுமாமா இருவருமே பணிபுரிந்தார்கள். 1984இல் பூந்தளிர் வந்தது. கபீஷ் என்ற குரங்கும் காளி என்ற காக்கையும் தமிழ் பேசிய அந்த இதழின் ஆசிரியர் பொறுப்பு வாண்டுமாமாவிடம் இருந்தது.

அவர் நூல்களின் எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டும். அவற்றில் மந்திரவாதியும் கோட்டையும் உண்டு, அறிவியலும் உண்டு. மர்மக் கதைக்காக அவரிடம் வந்த சிறுவன், அடுத்த வாரம் அவர் பெயரைப் பார்த்தே ஒரு பொது அறிவுப் புத்தகத்தையும் எடுத்துப் போனான். கதைக்குத் தந்த நம்பிக்கையைத் தகவலுக்கும் தந்தான். தமிழ்ச் சிறுவர் எழுத்தில் இந்த இரண்டையும் ஒரே கையால் செய்தவர்களில் அவருக்கு இணை சொல்வது கடினம்.

அம்புலிமாமாவின் கதை வேறு மாதிரி. 1947இல் சென்னையில் அதைத் தொடங்கியவர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும். பாதாள பைரவி, மிஸ்ஸியம்மா, மாயா பஜார் படங்களைத் தயாரித்த அதே விஜயா நிறுவனத்தார். தெலுங்குப் பதிப்பான சந்தமாமாவின் ஆசிரியர் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த கொடவடிகண்டி குடும்பராவ், தெலுங்கு நவீன இலக்கியத்தின் முதல் வரிசை எழுத்தாளர். வீரர்களும் மாந்திரீகர்களும் அலைந்த நீண்ட தொடர்களைப் பல ஆண்டுகள் எழுதியவர் தாசரி சுப்ரமணியம். இதழில் தம் பெயர் இல்லாமலே எழுதினார். தமிழ்ப் பிள்ளைகள் அந்தத் தொடர்களைத் தமிழில் படித்தார்கள். மொழிபெயர்த்தவர் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான வீடுகளில் வாசிப்பைத் தொடங்கிவைத்த எழுத்துக்குச் சொந்தக்காரர் யாரென்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

அந்த இதழின் வேதாளக் கதைகளை நினைத்தால் இன்றும் வியப்பு வரும். வடமொழி மூலத்தில் இருப்பவை இருபத்தைந்து கதைகள். இதழோ பல பத்தாண்டுகள், மாதத்துக்கு ஒன்றாக, வேதாளத்தைப் பேசவைத்தது. மூலம் தீர்ந்த பிறகு வந்தவை அலுவலக மேசையில் புதிதாகப் பிறந்தவை அல்லது வேறெங்கிருந்தோ வந்து வேதாளத்தின் வாயில் ஏறியவை. ஒவ்வொன்றும் ஒரு கேள்வியில் முடியும். விக்கிரமன் பதில் சொல்வதற்குள் படிக்கிற பிள்ளை தன் பதிலைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தங்கைக்குள் அதற்கே சண்டை வரும். கதையைக் கேள்வி கேட்கலாம், கதாபாத்திரத்தின் முடிவோடு மாறுபடலாம் என்ற பழக்கம் இப்படித்தான் வந்தது. இலக்கிய விமர்சனத்தின் அரிச்சுவடி அது.

அந்தப் பக்கத்துக்கு முகம் தந்தவர் ஓவியர் சங்கர். 1952இல் சேர்ந்தவர், உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் விக்கிரமனை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்தார். படிக்கத் தெரியாத தம்பியும் இதழை முதலில் பிடுங்கிக்கொண்டது அந்தப் படத்துக்காகத்தான்.

பத்து வயதைத் தாண்டியதும் தமிழ்வாணன் வருவார். இராமநாதனாக இருந்தவருக்குத் தமிழ்வாணன் என்ற பெயரைத் தந்தவர் திரு.வி.க. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமே அவருக்குக் கையெழுத்து. அவர் ஆசிரியராக இருந்த கல்கண்டு இதழின் துணுக்குகள் சின்னவை, வாக்கியங்கள் அதைவிடச் சின்னவை. துப்பறியும் சங்கர்லால் எந்த நாட்டில் இறங்கினாலும் தேநீர் குடித்தபடி நல்ல தமிழில் பேசுவார். பையன்கள் வேகமாகப் படிக்கப் பழகியது இங்கே. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது, அந்த வேகத்துக்கு இன்னொரு தெரு திறந்தது.

கடைசிப் படி வீட்டுப் பரண். 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடிய பொன்னியின் செல்வனை, மணியத்தின் சித்திரங்களோடு வாரம் வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்துவைத்த பாட்டிகளும் அத்தைகளும் எத்தனையோ பேர். ஓரத்தில் விளம்பரமும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தடித்த தொகுப்புகள்தாம் விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் உலகத்தைக் காட்டின. நடுவில் ஒரு வாரம் விடுபட்டிருந்தால் கிளை நூலகத்துக்கு ஓட வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்திருந்தது. சொத்துவரியோடு வசூலான நூலக வரியில் வாங்கிய புத்தகங்கள் அங்கே காத்திருந்தன. விடுபட்ட அத்தியாயத்துக்காகப் போன பிள்ளையின் கண்ணில், அதே அலமாரியில் இருந்த வேறு பெயர்களும் பட்டன.

1989 மார்ச் 16 அன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். வள்ளியப்பாவுக்கு அப்போது 66 வயது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, கோகுலம் ஆசிரியர் பொறுப்பையும் பார்த்து முடித்திருந்தார். குழந்தை இலக்கியத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.