வால்டாக்ஸ் ரோடு: மதில் யாரைக் காத்தது?

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மாலை வகுப்புக்கு வரும் மாணவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வடசென்னைக்குப் போனோம். பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா இருக்கிறது. அந்தப் பூங்காவைத் தாங்கி நிற்பது சென்னையின் பழைய நகர மதிலின் மிச்சம். "இது யாரைக் காப்பாத்தக் கட்டினாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். தோழர்களே, எந்த மதிலிடமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளையரைக் கோட்டைக்குள் வைத்தது. நம்மவர்களை அதற்கு வடக்கே 'கறுப்பர் பட்டணத்தில்' வைத்தது. அந்தப் பட்டணத்துக்குள்ளும் சாதி கோடு கிழித்தது. 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகள் மோதிக்கொண்டபோது, தெருக்களைப் பிரித்துக் கொடுத்துத்தான் கவர்னர் தாமஸ் பிட் தீர்வு தேடினார். 18ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் பறைச்சேரி தனியாகவே குறிக்கப்பட்டிருக்கிறது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளை இடிக்க ஆரம்பித்தது அவர்கள். 1749இல் திரும்பி வந்த ஆங்கிலேயர் மிச்சத்தையும் அகற்றினார்கள். பீரங்கி சுடுவதற்குக் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த வெளியில்தான். 1773 ஜனவரி 1 என்று பொறித்து அவர்கள் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் அருகே இன்றும் நிற்கிறது. இடிபட்ட வீடுகளுக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை.

1758-59 முற்றுகையின்போது மதில் இல்லாத புதிய கறுப்பர் பட்டணத்தைப் பிரெஞ்சுப் படை சூறையாடியது. அடுத்து ஹைதர் அலியின் குதிரைப்படை வந்து மிரட்டியது. அதற்குப் பிறகே, 1769 வாக்கில், வடக்கிலும் மேற்கிலும் மூன்று மைலுக்கு மேல் மதில் எழுந்தது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு; பின்னாளில் ஆற்காடு நவாபுக்கு வட்டிக்கு விட்டுக் கொழுத்தவர். அவர் பெயர் ஏடுகளில் நிற்கிறது, மண் சுமந்தவர்களின் பெயர் நிற்கவில்லை. செலவை மக்கள் தலையில் கட்டக் கம்பெனி ஒரு மதில் வரியும் யோசித்தது. வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எதிரியைத் தடுக்கக் கட்டிய மதில் வேலை முடிந்ததும் இடிந்துபோனது. மனிதரைத் தடுக்கக் கட்டும் சுவர் அப்படிப் போவதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகளை மறித்து எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே 6 வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் வீடுகள்மேல் சரிந்து 17 தலித்துகள் செத்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அந்த மக்கள் சொன்னார்கள்.

அதனால் பழைய மதிலையும் இடி என்று நான் சொல்லவில்லை. சாதிச் சுவர் இடியவேண்டும், ஏனென்றால் அது இன்றும் வேலை செய்கிறது. நகர மதில் நிற்கவேண்டும், ஏனென்றால் அது சாட்சி. ஆனால் சாட்சி முழுக்கப் பேசவேண்டும். மாடிப் பூங்காவில் வைக்கும் பலகையில் கம்பெனியும் பென்ஃபீல்டும் மட்டும் இருந்தால் போதாது. வெட்டவெளிக்காக வீடு இழந்தவர்களும், சேரியும், மண் சுமந்த கைகளும் அதில் இடம்பெற வேண்டும்.

அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கினால் வால்டாக்ஸ் ரோட்டில் கொஞ்சம் நடந்து பாருங்கள். அந்த மாணவியின் கேள்வியையும் கூடவே எடுத்துப் போங்கள். உங்கள் ஊர்ச் சுவரிடமும் அதைக் கேட்கவேண்டியிருக்கும்.