மெர்க்காராச் செப்பேடும் பெனுகொண்டாச் செப்பேடும்

மைசூர் அரசில் பணியாற்றிய பி. எல். ரைஸ் 1886 முதல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளில் மேலைக் கங்கர் செப்பேடுகள் பல இடம்பெற்றன. அவற்றுள் பல போலி என மறுத்தவர் ஜே. எஃப். ஃபிளீட், 1901இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் போலி ஆவணங்களைப் பட்டியலிட்டவரும் அவரே.

மடிக்கேரியில் கிடைத்த மெர்க்காராச் செப்பேடு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. சக ஆண்டு 388 (கி.பி. 466) எனக் காலம் குறிக்கும் அது, அகாலவர்ஷன் என்பானின் அமைச்சரையும் சுட்டுகிறது. அகாலவர்ஷன் என்பதோ இராட்டிரகூடரின் விருதுப்பெயர்; அவர்கள் பேரரசாக எழுந்தது எட்டாம் நூற்றாண்டில். எழுத்தமைதியும் பிற்பட்டதே. (பழைய ஏடொன்றின் பிற்காலப் படி என அதனைக் காப்பவரும் உளர்.) நிலவுரிமையை நாட்ட முன்னோர் காலத்து மன்னன் பெயரில் பட்டயம் புனைவது தமிழகத்துக்கும் புதிதன்று.

ஆனால் ஃபிளீட் அத்துடன் நில்லாமல், தொடக்கக் கங்கர் மரபுவரிசையையே புனைவு என ஒதுக்கினார். அது மிகை. பின்னர்க் கிடைத்த பெனுகொண்டாச் செப்பேட்டை மெய்யான ஐந்தாம் நூற்றாண்டு ஆவணம் என 1915இல் அவரே ஏற்க நேர்ந்தது. கங்க அரசர் இருவருக்குப் பல்லவர் சிம்மவர்மனும் கந்தவர்மனும் முடிசூட்டிய செய்தி அதில் உள்ளது. காஞ்சிச் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டைச் சக ஆண்டு 380 உடன் இணைக்கும் லோகவிபாகம் என்னும் சமண நூலோடு வைத்துப் பார்க்கையில், முற்காலப் பல்லவர் காலக்கணிப்புக்கு இச்செப்பேடே துணை நிற்கிறது.