தொழில்நுட்பம் மேம்படுத்திய கற்றலுக்கான தேசியத் திட்டம்

தொழில்நுட்பம் மேம்படுத்திய கற்றலுக்கான தேசியத் திட்டம் (சுருக்கமாக என்பிடெல்) என்பது, உயர்கல்வி நிறுவனப் பேராசிரியர்களுக்கு அரசு நிதி வழங்கி, அவர்கள் வகுப்பறையில் கற்பிக்கும் பாடங்களை இணையவழிப் பாடநெறிகளாக உருவாக்கச் செய்யும் இந்தியத் திட்டம் ஆகும். 7 இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமும் இணைந்து இதனை 2003 ஆம் ஆண்டில் தொடங்கின. நடுவண் அரசின் மனித வள மேம்பாட்டு அமைச்சு (2020 முதல் கல்வி அமைச்சு) இதற்கு நிதி வழங்கியது. திட்டத்தின் ஒருங்கிணைப்புப் பணிகளில் பெரும்பகுதி சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெறுகின்றது. இப்பாடங்களை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

பின்னணி

1980களின் நடுப்பகுதி முதல் இந்தியாவில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், தனியார் பொறியியல் கல்லூரிகள் விரைந்து பெருகின. தமிழ்நாட்டில் 1984 ஆம் ஆண்டு முதல் சுயநிதிக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. கட்டிடங்களும் மாணவர் இடங்களும் பெருகிய வேகத்தில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் உருவாகவில்லை. பட்டம் பெற்று ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள் பல கல்லூரிகளில் முதன்மைப் பாடங்களைக் கற்பிக்கும் நிலை ஏற்பட்டது. மறுபுறம், நல்ல ஆசிரியர்களும் ஆய்வகங்களும் கொண்ட தொழில்நுட்பக் கழகங்களில் மாணவர்களுள் மிகச் சிறு பகுதியினரே இடம் பெற முடிந்தது. இந்த இடைவெளியைக் குறைப்பதே இத்திட்டத்தின் முதன்மை நோக்கம்.

1999 ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், இந்திய மேலாண்மைக் கழகங்கள் ஆகியவற்றைச் சேர்ந்தோரும் ஐக்கிய அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் நடத்திய கலந்துரையாடல்களில் இதற்கான கருத்து உருவானது. அப்போது சென்னைக் கழகத்தில் பேராசிரியராக இருந்து பின்னர் அதன் இயக்குநரான எம். எஸ். ஆனந்த் இத்திட்டத்தை முன்னெடுத்தவர்களுள் ஒருவர். 2003 சனவரி 26 அன்று ஏகலைவன் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கான தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றும் தொடங்கப்பட்டது. பதிவு செய்யப்பட்ட விரிவுரைகள் பல அதில் ஒளிபரப்பாயின.

நிதி ஒதுக்கீடு

முதற்கட்டம் 2003 முதல் 2007 வரை நடைபெற்றது. இதற்குச் சுமார் 20.5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. குடிசார் பொறியியல், இயந்திரவியல், மின்பொறியியல், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பு, கணினி அறிவியல் ஆகிய 5 துறைகளிலும் அடிப்படை அறிவியலிலும் 200க்கும் மேற்பட்ட பாடநெறிகள் உருவாக்கப்பட்டன.

2009 பெப்ரவரியில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் வழியாகக் கல்வி வழங்கும் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் கீழ் இரண்டாம் கட்டத்திற்கு 96 கோடி ரூபாய் அளிக்கப்பட்டது. வேதிப் பொறியியல், உலோகவியல், உயிரித் தொழில்நுட்பம், மேலாண்மை, மானிடவியல் துறைகள் எனப் பாடப் பரப்பு விரிந்தது.

இந்நிதி நூல் எழுதுவோருக்கு வழங்கப்படும் பரிசுத்தொகை போன்றது அன்று. பேராசிரியருக்கான மதிப்பூதியம் அதன் ஒரு பகுதி மட்டுமே. ஒளிப்பதிவுக் கூடம், ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர், படம் வரைவோர், பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து சரிபார்க்கும் உதவியாளர், வழங்கிக் கணினிகள் ஆகிய அனைத்திற்கும் செலவு உண்டு.

பாடநெறி உருவாகும் முறை

முதற்கட்டத்தில் பாடநெறிகள் இரண்டு வகையாக அமைந்தன.

நிகழ்படப் பாடநெறி: பேராசிரியர் ஒரு பருவத்தில் நடத்தும் பாடம், ஏறத்தாழ ஒரு மணி நேர அளவுள்ள சுமார் 40 விரிவுரைகளாகப் பதிவு செய்யப்படும்.

வலைப் பாடநெறி: அதே அளவுள்ள பாடம் எழுத்து, சமன்பாடு, படம், அசைபடம், பயிற்சிக் கணக்கு ஆகியவற்றுடன் இணையப் பக்கங்களாக எழுதப்படும்.

பாடத்திட்டம், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டத்தையும் பெரிய இணைப்புப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களையும் ஒட்டி வகுக்கப்பட்டது. இது ஓர் அடிப்படையான முடிவாகும். தொழில்நுட்பக் கழகங்களின் பாடத்திட்டத்தை அப்படியே வெளியிட்டிருந்தால், பிற கல்லூரி மாணவர் தம் தேர்வுக்கு அதனைப் பயன்படுத்துவது கடினமாக இருந்திருக்கும். ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்பட்டார். எழுதப்பட்ட பாடங்கள் அதே துறையைச் சார்ந்த பிறரால் மீளாய்வு செய்யப்பட்டன.

வகுப்பறையில் பாடநூல் படமொன்றைக் காட்டுவது எளிது. அதே படத்தை உலகம் முழுவதும் பார்க்கும் வகையில் வெளியிடப் பதிப்பாளரின் இசைவு தேவை. எனவே படங்களைப் புதிதாக வரைவதும் எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் புதிதாக அமைப்பதும் பாட உருவாக்கத்தில் நேரம் கோரும் பணிகளாகும்.

தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான கல்லூரிகளில் இணைய வேகம் நிகழ்படம் பார்க்கப் போதுமானதாக இல்லை. எனவே விரிவுரைகள் வன்தட்டுகளில் பதிந்து கல்லூரிகளுக்கு வழங்கப்பட்டன. அவை கல்லூரியின் உள் வலையமைப்பில் ஏற்றப்பட்டு நூலகத்தில் பார்க்கப்பட்டன. பின்னர் யூடியூப் தளத்திலும் விரிவுரைகள் வெளியிடப்பட்டன.

சான்றிதழ்ப் பாடநெறிகள்

2014 மார்ச்சு மாதம் முதல் சான்றிதழுடன் கூடிய திறந்த இணையவழிப் பாடநெறிகள் நடத்தப்படுகின்றன. இவை 4, 8 அல்லது 12 வாரங்கள் நீடிக்கும். வாரந்தோறும் விரிவுரைகளும் ஒப்படைகளும் வெளியிடப்படும். பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் ஒப்படைகளுக்கு 25 விழுக்காடும் தேர்வுக்கு 75 விழுக்காடும் அளிக்கப்படுகின்றன.

இம்மாற்றத்தால் பேராசிரியரின் பணியும் மாறியது. முன்னர் பதிவு முடிந்ததும் அவர் பொறுப்பு முடிந்தது. இப்போது பாடம் நடைபெறும் வாரங்களில் வினாக்களுக்கு விடை தருவதும், ஒப்படைகளையும் வினாத்தாளையும் அமைப்பதும் அவருடைய பொறுப்பாகும். இதற்கு உதவ ஆய்வு மாணவர்கள் அமர்த்தப்படுகின்றனர்.

2017 சூலை 9 அன்று தொடங்கப்பட்ட சுவயம் தளத்தின் 9 தேசிய ஒருங்கிணைப்பாளர்களுள் என்பிடெல்லும் ஒன்றாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், ஒரு பருவத்தில் நடத்தப்படும் பாடங்களில் 20 விழுக்காடு வரை சுவயம் வழியாகப் பயில இசைவளித்தன. 2021 இல் இவ்வரம்பு 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

பிற நாடுகளில்

மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகம் தன் பாடக் குறிப்புகளைத் திறந்து வெளியிடும் திட்டத்தை 2001 ஏப்ரலில் அறிவித்தது. 2002 செப்டம்பரில் முதல் பாடநெறிகள் வெளியாயின. இதற்கு ஹியூலெட் அறக்கட்டளையும் மெலன் அறக்கட்டளையும் நிதியளித்தன. கலிபோர்னியாவில் 2013 ஆம் ஆண்டில் மாநில வரவு செலவுத் திட்டம் வழியாக, இணையவழிப் பாடங்களை உருவாக்கக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு 10 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் அறக்கட்டளைகளும் மாநில அரசுகளும் இப்பணியைப் பகிர்ந்து கொண்டன. இந்தியத் திட்டம் தொடக்கம் முதலே நடுவண் அரசின் நிதியைச் சார்ந்து வளர்ந்தது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

பேராசிரியரின் நேரம்: ஒரு பாடநெறியைப் பதிவு செய்வதற்கான ஆயத்தம் வகுப்பறைக்கான ஆயத்தத்தை விட மிகுதியானது. பதவி உயர்வின் போது ஆய்வுக் கட்டுரைகளே முதன்மையாக மதிக்கப்படும் சூழலில், இதற்கு நேரம் ஒதுக்குவோர் ஆய்வில் இழப்பை ஏற்க நேர்கின்றது. மதிப்பூதியம் இவ்விழப்பை ஈடுசெய்வதில்லை என்பது பல நாடுகளிலும் கூறப்படும் கருத்து. சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பணத்திற்குப் பதிலாகக் கற்பித்தல் பணியில் விலக்கு அளிப்பது இதனாலேயே.

புதுப்பித்தல்: ஒரு முறை நல்கை வழங்கிப் பாடம் உருவாக்குவது எளிது. ஆனால் கணினி அறிவியல் போன்ற துறைகளில் சில ஆண்டுகளிலேயே பாடம் பழையதாகிவிடும். அதனைத் திருத்த மீண்டும் நிதியும் ஆளும் தேவை.

உள்ளூர் ஆசிரியரின் இடம்: பதிவு செய்த விரிவுரை இருப்பதையே காரணம் காட்டி, கல்லூரிகள் ஆசிரியர் இடங்களை நிரப்பாமல் விடக்கூடும் என்ற அச்சம் உண்டு. திட்டத்தின் ஆதரவாளர்கள் இதனை மறுக்கின்றனர். கல்லூரி ஆசிரியர்களே இப்பாடங்களைப் பார்த்துத் தம் கற்பித்தலைச் செம்மைப்படுத்திக் கொள்கின்றனர் என்பது அவர்களின் வாதம். கல்லூரிகளில் உள்ள உள்ளூர் மையங்களில் ஆசிரியர் ஒருவர் மாணவருக்கு வழிகாட்டியாக அமர்வது இவ்வகையில் ஏற்பட்ட ஏற்பாடாகும்.

முடிப்போர் குறைவு: திறந்த இணையவழிப் பாடங்களில் சேருவோருள் சிறு பகுதியினரே இறுதித் தேர்வு வரை செல்கின்றனர். இது உலகெங்கும் காணப்படும் நிலை. எனினும், தேர்வு எழுதாமல் தமக்கு வேண்டிய சில விரிவுரைகளை மட்டும் பார்த்துப் பயன்பெறுவோரை இக்கணக்கு காட்டுவதில்லை.

மொழி

விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. தமிழ் வழியில் பள்ளிக் கல்வி முடித்து வரும் மாணவருக்குப் பாடத்தின் கடினத்துடன் மொழியின் கடினமும் சேர்கின்றது. இதனைக் கருத்தில் கொண்டு, விரிவுரைகளின் எழுத்து வடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றது. கலைச்சொற்களை ஒரே சீராகப் பயன்படுத்துவது இம்மொழிபெயர்ப்பில் முதன்மையான சவாலாகும்.

இவற்றையும் பார்க்க

இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னை
தொலைநிலைக் கல்வி
சுவயம்
திறந்த கல்வி வளங்கள்