காவல் கூலியும் களவுக்கு ஈடும்

மண்சுவர் வீட்டில் கதவுப் பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் கள்வனுக்குத் தடையாகாது. கன்னக்கோலால் சுவரைத் துளைத்து, ஆள் நுழையும் அளவுக்கு வழி செய்துகொள்வான். இதைக் ‘கன்னம் வைத்தல்’ என்பார்கள். திருவிழாவுக்கோ உறவினர் கல்யாணத்துக்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள், பூட்டைவிடக் காவலையே நம்பியதற்கு இது முக்கியமான காரணம்.

தமிழகத்தில் அந்தக் காவல் மிகப் பழமையானது. நிலத்தை அகழும் உளியும் நூலேணியுமாக இருளில் மறைந்து திரியும் கள்வரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. மழை கொட்டும் நள்ளிரவிலும் வில்லோடு தெருக்களைச் சுற்றிவரும் ஊர்க்காப்பாளரும் அதில் வருகிறார்கள். கள்வரின் நுட்பங்களை நன்கு கற்றறிந்தவர்கள் அவர்கள். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஊரைக் காக்கும் உரிமைக்கும் அதற்காகத் தண்டிய வரிக்கும் அதுவே பெயர். புதுக்கோட்டைப் பகுதியில் ஊரார் கூடி அந்த உரிமையைத் தலைவர்களுக்கு விற்றுக்கொடுத்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன.

பாளையக்காரர் காலத்தில் இது இரண்டு அடுக்காக இருந்தது. பரந்த வட்டாரத்துக்குத் தேசகாவல், தனி ஊருக்கு ஸ்தலகாவல். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கள்ளர், மறவர் குடும்பங்கள் பல ஊர்களின் காவலைப் பரம்பரையாக ஏற்றிருந்தன. அறுவடையில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாகப் போனது. வீட்டிலோ களத்திலோ பொருள் களவுபோனால் காவல்காரர் அதை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இந்த ஈடுதான். காப்பவனுக்கே இழப்பும் சேரும் என்பதால் காவலில் அக்கறை இருந்தது. ஆனால் காவல்கூலி தர மறுத்த ஊரில் மாடுகள் காணாமல் போவதும், அவை இருக்கும் இடத்தைச் சொல்லத் ‘துப்புக்கூலி’ கேட்பதும் நடந்தன. பாதுகாப்பு மிரட்டலாக மாறிய இடங்கள் அவை.

1801-இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அவர்களுடைய காவல் உரிமைகளையும் ஒழித்தது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குவிதி ஊர்த் தலைவரையும் தலையாரியையும் அடித்தளமாகக் கொண்ட கிராமப் போலீசை ஏற்படுத்தியது. 1859-இல் சட்டப்படி சென்னை மாகாணப் போலீஸ் உருவானது. போலீசார் கள்வனைத் தேடினார்கள். களவுபோனதற்கு ஈடு தரும் கடமை அவர்களுக்கு இல்லை. பழைய காவல் அதன் பிறகும் பல ஊர்களில் நீடித்ததற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

அதை எதிர்த்தவர்களும் ஈட்டை மறக்கவில்லை. 1896-ஐ ஒட்டி மதுரை மாவட்டத்தில் காவலுக்கு எதிராகத் திரண்ட கிராமத்தார், மாடு பறிகொடுத்தவர்களுக்கு உதவப் பொது நிதி திரட்டினார்கள். ‘பண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லே அந்த இயக்கத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அரசு எடுத்த வழி மிகக் கொடியது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. ஒரு காலத்தில் ஊரைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள், பிறந்த சாதிக்காகவே கைரேகை பதியவும் இரவில் வருகை தந்து கையெழுத்திடவும் நேர்ந்தது. இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

நகரங்களில் பழைய காவல்காரர்களின் இடத்துக்கு நேபாளத்துக் கூர்க்காக்கள் வந்தார்கள். தடியும் விசிலுமாக இரவில் தெருவைச் சுற்றி, மாதம் பிறந்ததும் வீடுவீடாகச் சம்பளம் வாங்கினார்கள். பிறகு அடுக்குமாடிகளின் வாசலில் செக்யூரிட்டி ஆட்களும் கண்காணிப்புக் கேமராக்களும் வந்தன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி போலீசார் இப்போது கேட்டுக்கொள்கிறார்கள். அப்படிச் சொன்ன வீட்டை ரோந்துப் போலீசார் பார்த்துவருவார்கள். களவுபோனதற்கு ஈடு வேண்டும் என்றால் வீட்டுக்காரர் தனியே காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.