குறியிட்ட இரும்பும் குறியறியா மகளிரும்

சிரைவழி ஏற்றிய இரும்பு உடலில் எங்குச் செல்கிறது? முன்னரே உள்ள இரும்பினின்று அதனைப் பிரித்தறிய ஒரு குறி தேவை. அக்குறியே கதிரியக்கம். 1939இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பால் ஹான், விப்பிள் குழுவினர் கதிரியக்க இரும்பை நாய்களுக்கு அளித்து அதன் சுவட்டைத் தொடர்ந்தனர்.

1999இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள், சிறுநீரக நோயால் இரத்தசோகையுற்ற 6 பேருக்கு ஏற்றிய இரும்பு சுக்ரோஸ் மருந்தில் இரு குறிகளை இட்டனர். அரை ஆயுட்காலம் சுமார் 8 மணி நேரமே உடைய இரும்பு-52, மருந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றை விரைந்து அடைவதைக் காட்டியது. சுமார் 44 நாள் உடைய இரும்பு-59, வாரங்கள் கழித்துச் சிவப்பணுக்களில் வெளிப்பட்டது. ஒரே சுவட்டை இரு கடிகாரங்கொண்டு அளந்த இம்முறை நுட்பமானது.

குறி தாங்கியோர் அதனை அறிந்திருந்தனரா என்பது வேறு வினா. 1945-47இல் ஹான் பங்குபெற்ற வாண்டர்பில்ட் ஆய்வில் 800க்கும் மேற்பட்ட கருவுற்ற மகளிர் கதிரியக்க இரும்பைப் பருகினர். பலருக்கு உண்மை கூறப்படவில்லை. 1969இல் இங்கிலாந்தின் காவன்ட்ரியில் இந்திய வழியினரான 21 பெண்கள் இரும்பு-59 கலந்த சப்பாத்தியை உண்டனர். அவர்களுள் ஆங்கிலம் அதிகம் அறியாதார்க்கு எம்மொழியில், எவ்வளவு விளக்கப்பட்டது என்பதே 1995இல் இச்செய்தி வெளிப்பட்டபோது எழுந்த வாதம்.