பழுதும் காப்பும்: மின்வலைப்பின்னல் வரலாற்றில் ஒரு நம்பிக்கை

ஒவ்வொரு தொழினுட்பமும் தான் தோன்றிய காலத்தின் நம்பிக்கைகளைத் தன்னுட் பொதிந்து வைத்திருக்கும். அவை பொய்க்கும்வரை, அவ்வாறு சில நம்பிக்கைகள் இருப்பதே புலப்படுவதில்லை. மின்வலைப்பின்னற் காப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1880 ஆம் ஆண்டளவில் எடிசன் தமது விளக்கமைப்புக்கு உருகியை வகுத்தார். கம்பிகள் தொடுமாயின் பெருமின்னோட்டம் பாயும். அவ்வோட்டமே உருகியை உருக்கிச் சுற்றைத் துண்டிக்கும். பின்வந்த றிலேக்களும் சுற்றுடைப்பான்களும் நுட்பத்தில் வளர்ந்தன. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றே: பழுது தன் வருகையைப் பெருமின்னோட்டத்தால் தானே அறிவிக்கும். இந்நம்பிக்கைக்கு ஆதாரமாயிருந்தவை சுழலும் மின்பிறப்பாக்கிகள். பழுதுற்றவேளை அவை தம் வழமையான ஓட்டத்தின் ஐந்தாறு மடங்கைச் சிறிது நேரம் தாங்கி வழங்கவல்லன.

மின்வலுமாற்றியின் வருகை இந்நிலையை மாற்றியது. 1954 இல் சுவீடனின் பெருநிலத்தையும் கொட்லாந்துத் தீவையும் இணைத்த 20 மெகாவாற்று நேரோட்ட வடத்தில், ஊனோ லாம் உருவாக்கிய பாதரச வில் வால்வுகள் ஆடலோட்டத்தையும் நேரோட்டத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றின. பிற்காலத்தில் அவ்விடத்தைக் குறைகடத்திகள் பெற்றன. இன்று சூரியமின் நிலையங்களும் புதிய காற்றாலைகளும் இத்தகைய மாற்றிகள் வழியாகவே வலையோடு இணைகின்றன. குறைகடத்தி மிகையோட்டத்தைத் தாங்காது. ஆதலின் மாற்றி தன்னைக் காத்தற்பொருட்டு ஓட்டத்தை வழமையின் ஒன்றரை மடங்குக்குள் அடக்கிவிடுகிறது. பழுதின் குரல் தணிந்துவிட, தொலைவிலுள்ள றிலே அதனைச் சாதாரண நுகர்வென மயங்கவும் கூடும்.

மாற்றி தன்னைக் காக்கும் இயல்பு வேறொரு வகையிலும் இடர் விளைத்தமையை 2016 ஆம் ஆண்டு உணர்த்திற்று. ஓகஸ்ட் 16 இல் கலிபோர்னியாவிற் காட்டுத்தீயால் உயரழுத்தக் கம்பிகள் பழுதுற்றபோது, சுற்றுடைப்பான்கள் செவ்வனே இயங்கின. எனினும் ஏறத்தாழ 1,200 மெகாவாற்று சூரியமின் வலையினின்று நழுவியது. கணநேர அலைத்திரிபை அதிர்வெண் வீழ்ச்சியெனச் சில மாற்றிகள் தவறாகக் கணித்தமை அதற்கொரு காரணம். செப்டெம்பர் 28 இல் தென் அவுஸ்திரேலியாவிற் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் ஆறு முறை மின்னழுத்தம் தாழ்ந்தது. இத்தனை தாழ்வுகளுக்கு மேற் பொறுப்பதில்லை என முன்னரே வரையறுக்கப்பட்டிருந்த காற்றாலைகள் 456 மெகாவாற்று உற்பத்தியைக் கைவிட்டன. அண்டை மாநில இணைப்பு சுமை தாங்காது அறுந்தது. 850,000 நுகர்வோர் இருளில் ஆழ்ந்தனர். அவ்வரையறை இருந்தமையை வலையை இயக்கியோர் முன்னர் அறிந்திருக்கவில்லை என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இதனைக் காற்றின் குற்றமெனச் சாடியோரும், புயலின் குற்றமென ஒதுக்கியோரும் பாதி உண்மையையே கூறினர். குறை, பழைய உலகுக்கென எழுதப்பட்ட விதிகள் புதிய உலகில் மீளாய்வின்றித் தொடர்ந்தமையிலேயே இருந்தது. காற்றாலைகளின் வரையறைகள் பின்னர் திருத்தப்பட்டன. 2021 இல் தென் அவுஸ்திரேலியா எரிபொருளின்றிச் சுழலும் நான்கு ஒத்தியங்கு பொறிகளை வலையில் நிறுவியது. மின்பிறப்பாக்கிகள் குறைந்துவந்த இடத்திற் பழுதோட்டத்தையும் உறுதியையும் வழங்குதல் அவற்றின் பணி.

இப்படிப்பினை நமக்கும் அந்நியமன்று. 2025 பெப்ரவரி 9 இல், நுகர்வு குறைந்து சூரியமின் மிகுந்திருந்த ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்திற் தோன்றிய ஒரு பழுது இலங்கைத் தீவு முழுவதையும் மின்னின்றி நிறுத்தியது. புதிய ஆற்றலை வரவேற்கும் சமுதாயம், பழைய ஆற்றல் விலை கூறாது ஆற்றிவந்த பணிகளையும் கணக்கிட வேண்டும். அக்கணக்கை இருளில் எழுதுவதிலும் வெளிச்சத்தில் எழுதுவதே அறிவுடைமை.