பாரிமுனைத் தூண் எதற்கு எல்லை? உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையச் சூழல் குறித்து ஒரு மறுவாசிப்பு

சென்னை உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம், வண்ணாரப்பேட்டை – ஏ.ஜி. டி.எம்.எஸ். சுரங்கப் பாதையோடு 2019 பிப்ரவரி 10 அன்று திறக்கப்பட்டது. என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய இந்நிலையத்துக்கு ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்த நீதிமன்ற வளாகம்; மறுபக்கம் பூக்கடையும் அதன் பின்னே நெருக்கியடித்த தெருக்களும். ஒரே சாலையின் இரு ஓரங்கள் இவ்வளவு வேறுபட்டது எப்போது, எதனால்?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை வரலாற்றாசிரியர் ஹென்றி டேவிசன் லவ் பழைய சென்னை பற்றி 1913இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளின் வழி வந்தது. கிழக்கிந்தியக் கும்பினி ஆவணங்களை அவரளவுக்குத் துருவியவர் இல்லை. இன்றும் அவரைத் தொடாமல் சென்னை வரலாறு எழுத முடியாது. ஆனால் அந்த ஆவணங்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் எழுதப்பட்டவை. எனவே அவரைப் பின்பற்றுவோர் கைகளில் நகரமே கோட்டையின் நிழலாகிவிடுகிறது. 1746–49இல் பிரெஞ்சுக்காரர், கோட்டையை அடுத்திருந்த இந்தியர் குடியிருப்பான பழைய கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்தனர். பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகைக்கு (1758–59) முன்னதாக எஞ்சியதை ஆங்கிலேயர் இடித்தனர். பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி கிடைத்தது. அதன் எல்லையில் தூண் நட்டனர். இந்த வாசிப்பில் பாரிமுனைத் தூண் பழைய ஊரின் கல்லறைக் கல்.

தூணோ வேறு சொல்கிறது. நட்டவை ஆறு, மிஞ்சியது டேர் ஹவுஸ் மூலையில் நிற்கும் இது ஒன்றே. அதன் ஆங்கிலப் பொறிப்பு எஸ்பிளனேடின், அதாவது அந்த வெட்டவெளியின், எல்லை என்று கூறி 1773 சனவரி 1 என நாள் குறிக்கிறது. அவ்வளவுதான். ஆளுநர் பெயர் இல்லை, போர் பற்றிய குறிப்பு இல்லை, வெற்றிப் பெருமிதம் இல்லை. இடிப்பு முடிந்து பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஒரு நாளைத் துல்லியமாகக் குறித்துக் கல் நட என்ன தேவை வந்தது? வெட்டவெளியின் இராணுவப் பயனை நான் மறுக்கவில்லை. அது நிலம் காலியானதை விளக்கும், 1773ஐ விளக்காது.

அந்த ஆண்டை விளங்கிக்கொள்ள வடக்கே போக வேண்டும். 1769இல் ஹைதர் அலி நகர வாசல்வரை வந்துபோன பின், புதிய கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பும் வேலை பால் பென்ஃபீல்டின் ஒப்பந்தத்தில் வேகம் பிடித்து, 1772 அளவில் முடிந்தது. அதன் எச்சம் மாடிப் பூங்காவில் இருக்கிறது. அதற்காக விதிக்க நினைத்த வரி, வால்டாக்ஸ் சாலையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்கே கடல். தெற்கில் மட்டும் மதில் எழுப்ப முடியாது, கோட்டைப் பீரங்கிக்கு அது மறைப்பாகும். அந்த நான்காவது பக்கத்தை அடைத்தவை இந்த ஆறு தூண்கள் என்பது என் துணிபு. மதிலும் தூணும் ஒரே திட்டத்தின் இரு உறுப்புகள்: ஒன்று வெளியார் உள்ளே வராமல் தடுத்தது, மற்றது உள்ளூரார் வெளியே வீடு கட்டாமல் தடுத்தது. ஆண்டுப் பொருத்தம் தற்செயல் என்று வாதிடலாம். அப்படி வாதிடுவோர், 1760களில் நடாத தூணை 1773இல் நட்டது ஏன் என்று வேறு காரணம் காட்ட வேண்டும்.

தடை யார் மேல் என்பதிலும் ஐயமில்லை. பழைய கறுப்பர் நகரத்தின் ஊர்க்கோயிலை இடித்த கும்பினி மாற்று நிலம் கொடுத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில் சென்னகேசவரும் சென்ன மல்லீசுவரரும் தூண்கள் குறித்த எல்லைக்கோட்டுக்கு வடக்கே இரட்டைக் கோயிலாகக் குடியேறினர். கும்பினி ஆளுநர் எலிஹு யேலின் மகன் புதைக்கப்பட்ட கல்லறையோ இன்றைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அதே இடத்தில் நின்றது. பிறகு அதே வெட்டவெளியில் 1844இல் கலங்கரை விளக்கமும், 1892இல் உயர் நீதிமன்றமும் எழுந்தன. எல்லை குடியிருப்பைத்தான் தடுத்தது, அரசுக் கட்டடங்களை அல்ல.

இந்த வாதத்தில் பலவீனமான இடங்கள் உண்டு. ஒரே தூணை வைத்துக் கோடு இழுக்க முடியாது; பழைய சைனா பஜார் சாலை, அதாவது இன்றைய போஸ் சாலை, அந்த எல்லைக்கோட்டைப் பின்பற்றியது என்பது என் ஊகம். கோட்டுக்கு வடக்கே இருந்த ஊர் ‘ஜார்ஜ் டவுன்’ ஆனது 1906இல் இளவரசர் ஜார்ஜின் வருகையின்போதா, 1911இல் அவரது முடிசூட்டின்போதா என்பதிலும் இரு கூற்றுகள் உள்ளன. 1906 பொருத்தமாகத் தோன்றினாலும் அதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1772–73ஆம் ஆண்டுக் கும்பினி நடவடிக்கைக் குறிப்புகளை, மதில் கணக்குகளோடு சேர்த்து இளம் ஆய்வாளர் யாரேனும் படிக்க வேண்டும். அதுவரை, பாரிமுனைத் தூணைப் பிரெஞ்சுப் போர் அத்தியாயத்திலிருந்து எடுத்து மதில் அத்தியாயத்தில் வைப்பதே சரி.